உனக்குத் தனியாக வடித்த சோறு

அக்கா,

இன்று காலை அம்மா அந்தச் சின்னப் பானையைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவினாள். எல்லாருக்கும் ராகிக் களி வெந்துகொண்டிருக்க, பக்கத்து அடுப்பில் எனக்கு மட்டும் அரிசி கொதிக்கிற வாசனை. நீ போன பிறகு அந்தப் பானையை யாரும் தொட்டதில்லை. நான் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். பொதுத்தேர்வு எழுதும் முறை இப்போது என்னுடையது.

உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மாங்காய் விற்கக் கிருஷ்ணகிரிக்குப் போன அப்பா, மிஷினில் தீட்டிய வெள்ளை அரிசி ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார்.

"ஆபீசுல நாற்காலி போட்டுக் குந்திக்கினு இருக்கறவன் எவனாச்சும் களி துன்றவனா? களி துன்னா மூள மந்தமாப் பூடும்."

நீ தேறினால் ஆசிரியப் பயிற்சி, இல்லையென்றால் கல்யாணம் என்றும் அன்றே சொல்லிவிட்டார். கிணற்றுக்குப் போகக் கூடாது, தோப்புப் பக்கம் தலைகாட்டக் கூடாது, பள்ளி விட்டு வந்ததும் உள் அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

உனக்கு நடந்தால்தான் பாடம் ஏறும். வெறுங்குடத்தோடு போகும்போது சரித்திரம், நிறைகுடத்தோடு திரும்பும்போது செய்யுள். உள்ளே அடைத்த ஒரு மாதத்தில் புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுந்தாய். வேடிக்கை என்னவென்றால், தீட்டிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது என்ற சுகாதாரப் பாடத்தை அந்த அறையில்தான் நீ மனப்பாடம் செய்தாய். நீ ஒப்பிக்க, நான்தான் கேட்டேன். இருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. பாடம் பரீட்சைக்கு, தட்டு அப்பாவுக்கு என்று இருந்துவிட்டோம்.

ஆனால் உன் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாய்.

"இந்தச் சோறு நிக்கவே மாட்டேங்குதுடீ. செத்த நேரத்துல பசிக்குது, அப்புறம் தூக்கமா வருது. உன் களிய எனக்குக் குடு, இத நீ துன்னு."

"அப்பா பாத்தா?"

"பாத்தா உனக்குத்தான் மூள வளந்துட்டுதுன்னு சொல்லிக்கலாம். அவரக்கொட்டக் கொழம்பையும் ஊத்து, கஞ்சப்பிசினாறி."

நான்கு நாள் உன் சோற்றைத் தின்றேன். ஐந்தாம் நாள் உன் கணக்குப் பரீட்சைத் தாள் வந்தது. மதிப்பெண் குறைந்திருந்தது. உன் மூளைக்குப் போக வேண்டியதை நான் தின்றுவிட்டேன் என்று பயந்துபோய், நேராக அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அதன்பின் அவர் உன் எதிரிலேயே உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை உன்னைத் தின்னவைத்தார். சொன்னது யாரென்று உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டாயா? தலையில் ஒரு குட்டாவது வைத்திருக்கலாம்.

கிருஷ்ணகிரியில் பரீட்சை எழுதிவிட்டு வந்து, "கணக்க மூணு தரம் படிச்சன். மூணு தரமும் வேற வேறயாத் தெரிஞ்சிது" என்றாய். தேறவில்லை. ஜூஜுவாடியில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாய்.

இன்று ராத்திரிச் சோற்றுக்கு அப்பா என் எதிரில் உட்கார்ந்தார். நான் அந்தச் சுகாதாரப் பாடத்தை எடுத்து, ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தவிடு, கேழ்வரகு, கீரை, திறந்த வெளியில் நடப்பது, எல்லாம். அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தியா, ஒரு வேள சோத்துக்கே எப்பிடி கணீர்னு படிக்கறா. பெரியவளுக்கு வெறும் சோறா போட்டதுதான் நாம செஞ்ச தப்பு. இவளுக்கு நெய் ஊத்து."

அம்மா கொடுத்த கிண்ணத்தை வாங்கி, அவரே ஊற்றினார். ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் அவ்வளவு கவனமாக ஊற்றினார். 'அக்கா தோற்றது இதனால்தான் அப்பா' என்ற வாக்கியம் என் தொண்டை வரை வந்தது. வந்து நின்றுவிட்டது. முழுச் சோற்றையும் தின்றேன்.

உன்னைக் காட்டிக்கொடுக்கத் திறந்த வாய், உனக்காகப் பேசத் திறக்கவில்லை அக்கா. அந்த வாயை வைத்துக்கொண்டுதான் பரீட்சைக்குப் படிக்கிறேன்.