பூட்டில்லாத பரிசல் துறை

8-1-1957, செவ்வாய். திண்டுக்கல்.

எஞ்சினியர் கூப்பிட்டு ஒரு கட்டுப் படங்களைக் கொடுத்தார். கார்த்திகை வெள்ளத்தில் அமராவதியில் நாலு பரிசல் துறைகள் போய்விட்டன. படி, கொட்டகை எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். "நீரே வரையும், காத்தமுத்து" என்றார்.

நாலாவது துறை புளியந்துறை. என் தங்கை ராமுத்தாய் செத்த இடம்.

போன ஆடியில் பிரசவ வலி எடுத்து, பழனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளைக் கட்டிலோடு ஊரிலிருந்து அக்கரைத் துறை வரை தூக்கி வந்தார்கள். பரிசல் இக்கரையில் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தது. கூலி தராமல் எவனாவது எடுத்துவிடுவானாம். துறையைக் குத்தகை எடுத்த நல்லுசாமி சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்விட்டான். மாப்பிள்ளை பெருமாள்சாமி அந்த வெள்ளத்தில் நீந்தி வந்து கல்லால் பூட்டை அடித்தாராம். கை கிழிந்ததுதான் மிச்சம். திண்டுக்கல் பூட்டு. நான் குடியிருக்கும் ஊரில் செய்த பூட்டு!

உச்சி வெயிலில் நல்லுசாமி வந்தான். அதற்குள் மணலிலேயே பிள்ளை பிறந்து, தாய் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தாடி. பழனிக்கு வேண்டுதல் என்று ஆபீசில் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். அவன் குடி கெடாமல் இந்த முகத்தில் கத்தி படாது.

11-1-57

புளியந்துறையைப் பார்த்து வந்தேன். படிகள் இருந்த இடத்தில் பாறை மட்டும் நிற்கிறது. நல்லுசாமியின் வயல் முழுக்க இடுப்பளவு மணல். பார்த்ததும் வயிறு குளிர்ந்தது. ஆனால் அது ஆறு செய்த வேலை. என் பங்கு இன்னும் பாக்கி.

துறையை அரை மைல் மேலே தள்ளி வரையப் போகிறேன். அவன் பக்கம் ஒரு காக்கை கூட வரக் கூடாது. ஈ ஓட்டிக்கொண்டு உட்காரட்டும்.

20-1-57

மாப்பிள்ளை வந்தார். படத்தைக் காட்டினேன், சந்தோஷப்படுவார் என்று. செத்த நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல வெறும் மணலுங்க மச்சான். அடுத்த வெள்ளத்துல புடுங்கிட்டுப் போயிரும். பாப்பாவ இடுப்புல வெச்சுக்கிட்டு நாந்தானுங்க அதுல கடக்கோணும்."

"அவன் பாறையிலயே போய்க் கால வையி! ஒனக்கெல்லாம் சூடு சொரணை இருக்கா?" என்று கத்திவிட்டேன். என் மனைவி சிவனம்மாள் சோற்றை எடுத்து வைத்தாள். அவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

21-1-57

படத்தைக் கிழித்தேன். பாறைதான் சரியான இடம். நாசமாப் போக, அவன் வாசலில் போயா பாறை இருக்க வேண்டும்?

2-2-57

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வழி கிடைத்துவிட்டது.

படிகள் கிடையாது. பாறையிலிருந்து நீண்ட சரிவு. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் பரிசல் ஒட்டி நிற்கும். அக்கரையிலும் அப்படியே. கொட்டகை உச்சியில், வெள்ளம் தொடாத உயரத்தில். அதற்குக் கதவு கிடையாது. திறந்த பக்கம் ஆற்றைப் பார்த்து இருக்கும். எதிர்க்கரையில் கூப்பிட்டால் காதில் விழும். கட்டுவதற்குக் கயிறு மட்டும். சங்கிலி கூடாது, பூட்டு கூடாது. குத்தகையும் கூடாது. சம்பளத்துக்கு ஒரு ஆள், கொட்டகையிலேயே குடியிருந்து, யார் எப்போது கூப்பிட்டாலும் பரிசலை எடுக்க வேண்டும்.

எஞ்சினியர் படித்துவிட்டு, "நாலு துறைக்கும் இதையே வையும்" என்றார். போச்சு நல்லுசாமி, உன் குத்தகை போச்சு.

14-3-57

இன்று அவனே ஆபீசுக்கு வந்தான்! ஆள் பாதியாகிவிட்டான். மேசைக்கு முன்னால் கை கட்டி நின்றான்.

"ஏனுங்க, வயலு மணலாப் போச்சுங்க. குத்தகையும் இல்லீனுட்டாங்க. அந்தச் சம்பள வேலையாச்சும் எனக்குக் கெடைக்குமுங்களா? அந்த ஆத்துச் சுழி எனக்குத் தெரியுமுங்க."

என் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான். பழனித் திருநீறு. "உங்க வேண்டுதல் நெறவேறோணுமுங்க" என்று மேசையில் வைத்தான்.

அட முட்டாளே! என்ன வேண்டுதல் என்று தெரிந்தால் வைப்பாயா?

விரட்டத்தான் வாயைத் திறந்தேன். சட்டென்று ஒன்று தோன்றியது. இவன்தான் அந்தக் கொட்டகையில் கிடக்க வேண்டும். எவன் கூப்பிட்டாலும் இவன்தான் எழுந்து ஓட வேண்டும். அன்றைக்கு வராத கால் ஆயுசுக்கும் ஓட வேண்டும்.

எஞ்சினியரிடம் போய், "இவரையே போட்டுருங்க சார்" என்றேன். "உமக்கு நல்ல மனசய்யா" என்றார்.

பொட்டலத்தை டிராயரில் எறிந்தேன்.

30-6-57

துறை திறந்தாயிற்று. நான் போகவில்லை.

13-7-57

பாப்பாவைப் பார்க்க என்று சொல்லிவிட்டு அக்கரைக்குப் போனேன். அவன் பரிசலில் கால் வைப்பேனா? பஸ் ஏறி, பாலத்தைச் சுற்றித்தான் போனேன். மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை. பாப்பா அவருடைய அக்கா கருப்பம்மாளின் இடுப்பில் இருந்தாள்; என் தாடியைப் பிடித்து இழுத்தாள்.

விடிந்ததும் கரைக்குப் போய், கருவேல மரத்தடியில் நின்று, "ஏ பரிச...ல்!" என்று குரல் கொடுத்துவிட்டு ஒளிந்துகொண்டேன். வந்தான். ஆள் இல்லாமல் திரும்பினான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வந்தான். மூன்றாவது முறையும்! ஒரு வசவு கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சிவனம்மாள் கேட்டாள்: "என்ன இம்புட்டுச் சந்தோசம்?"

21-7-57

மறுபடி போனேன். நல்ல மழை. வந்தான்.

3-8-57, ஆடிப் பதினெட்டு

எழுதிவிட வேண்டும்.

ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போனது. மரமெல்லாம் மிதந்து வந்தது. இதில் எவனும் பரிசல் எடுக்க மாட்டான், எடுத்தால் திரும்ப மாட்டான். தெரிந்துதான் கூப்பிட்டேன். ராமுத்தாய் கிடந்த இடத்தில் நின்று, ஒளியாமல், தொண்டை கிழியக் கூப்பிட்டேன். செத்துப் போகட்டும் என்றுதான் கூப்பிட்டேன். இங்கே யாரிடம் மறைக்க?

கயிற்றை அவிழ்த்தான்.

நடு ஆற்றில் பரிசல் சுழன்றது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஒரு கட்டை மோதி, துடுப்பு கையை விட்டுப் போனது. அப்போது ஒரு குரல் கேட்டது: "வேணாம்யா! வராத! திரும்பிப் போய்யா!" என் குரல்தான். ஐயோ, நான்தான் கத்திக்கொண்டு கரையோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, வெகுதூரம் கீழே வந்து ஒதுங்கினான். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மண்ணில் விழுந்து தண்ணீராகக் கக்கினான். நனைந்த வேட்டிக்கு மேல், அரைஞாணில் அந்தச் சாவி.

"திரும்பிப் போன்னு கத்துனேனே, கேக்கலயா?"

"கேட்டுச்சுங்க. மொதல்ல கூப்பிட்டீங்கல்ல, வந்துட்டனுங்க."

"நான் ஏறப் போறதில்ல."

"தெரியுமுங்க. நீங்க என்னைக்குமே ஏறுனதில்லீங்களே."

"யாருன்னு தெரிஞ்சா வந்த?"

"ஆபீசுல பாத்தன்னைக்கே தெரியுமுங்க. தாடி மறைச்சாலும் கண்ணு செத்துப்போன அந்தப் புள்ளையோடதுங்க. வேண்டுதல் என்னன்னும் தெரியுமுங்க. தெரிஞ்சுதானுங்க திருநீறு கொண்டாந்தேன்."

ஓங்கி அறையக் கையைத் தூக்கினேன். முகத்தைத் திருப்பாமல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடி விழவில்லை. ஏன் விழவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து ராமுத்தாய் பேரைச் சொல்லி அழுதேன். செத்து ஒரு வருஷமாகிறது, இதுவரை அழவில்லை.

மன்னிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

12-8-57

தாடியை எடுத்துவிட்டேன். பழனியில் இல்லை, தெருமுனைக் கடையில்.

"வேண்டுதல் நிறைவேறிடுச்சா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். அவர் விழித்தார்.

டிராயரைத் திறந்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். கொஞ்சம் நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

17-8-57

பாப்பாவைப் பார்க்கக் கிளம்பினேன். பாலம் சுற்றவில்லை. புளியந்துறையில் இறங்கி நின்றேன். கூப்பிட வேண்டியிருக்கவில்லை, கொட்டகையிலிருந்து நல்லுசாமி பார்த்துவிட்டார். ஏறினேன்.