இடது மட்கார்டு

என் பிடிவாதக்காரத் தம்பி சேகருக்கு,

போன இடத்திலும் யாருடைய வண்டியையாவது பிரித்துப் போட்டுக்கொண்டுதான் இருப்பாய். சாப்பிடக் கூப்பிட்டால் "தோ வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு வராமல் இருக்கிற பழக்கமும் உன்னை விட்டிருக்காது. நான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்க் கொட்டகையில் உன் காரைப் பார்க்கிறேன், திரும்பி வந்து இரண்டு வரி எழுதுகிறேன். தையல் மெஷினில் யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் ஒற்றைக் கையோடு கிடக்கிறது. இன்றைக்கு எனக்கு எதிலும் மனசு நிற்கவில்லை.

உன் கார் முடிந்துவிட்டது, சேகர். அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அது முடிந்ததில் என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

சென்னையில் யாரோ ஒரு பையன் பாலத்துச் சுவரில் மோதிவிட்டுக் கைகழுவிய ஸ்போர்ட்ஸ் காரை, கரும்பு ஏற்றும் டிரெய்லரில் போட்டு ரிஷிவந்தியத்துக்கு நீ கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறதா? தெருவே கூடி நின்றது. "இன்னாடா மச்சான், நசுங்கின தவள மாதிரி இருக்குது," என்றார் என் வீட்டுக்காரர், உன் மாமா. கள்ளக்குறிச்சியில் நீ குடியிருந்த வீட்டில் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை என்று அதை என் கொட்டகையில் தள்ளினாய். என் ஆடுகள் வேப்பமரத்தடிக்குக் குடிபோயின. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எங்கள் வீட்டில் சுத்தியல் சத்தம்தான்.

அகலமான டயர் போட வேண்டும், முன்பக்கம் புடைத்து நிற்க வேண்டும் என்று முன் மட்கார்டு இரண்டையும் அறுத்து எறிந்தாய். தகடு வாங்கி வந்து நீயே தட்டித் தட்டிப் புதிதாகச் செய்தாய். கலருக்காக என் துண்டுத்துணி மூட்டையிலிருந்து ஒரு மயில்கழுத்துப் பட்டுத் துண்டைத் திருடிக்கொண்டு போய்ப் பெயிண்ட் கடைக்காரரிடம் நீட்டினாய். வலது மட்கார்டை முடித்தாய், இடதையும் முடித்தாய். அடுத்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் உன் பெண்டாட்டி செல்வியும் நானும் நின்ற நிலையை நான் எழுதப் போவதில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, செல்வி நேராகக் கொட்டகைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இத்த நம்மளே முடிச்சிடலாம். நான் ஓட்டக் கத்துக்கறேன். மலைல அம்மா வூட்டுக்கு இதுலயே போவலாம்," என்றாள்.

மொபெட்டில் பின்னால் உட்காரவே கண்ணை மூடிக்கொள்கிற பெண், சேகர். அவளா இதைச் சொல்கிறாள் என்று இருந்தது. ஆனால் சொன்னபடி செய்தாள், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு ஞாயிறு லீவு போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பட்டி பூசுவோம், காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். வெல்டிங்குக்கும் பெயிண்டுக்கும் உளுந்தூர்பேட்டையில் லாரி பாடி கட்டுகிற ஏழுமலை வருவார். தேய்க்கிற நேரத்தில் செல்வி உன்னைப் பற்றிப் பேசுவாள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் நீ தோசை சுட்டுத் தருவாயாமே. என் வீட்டில் ஒரு டம்ளரைக் கூட நீ கழுவி வைத்ததில்லை.

அப்படித்தான் ஒரு நாள் உன் தப்பைக் கண்டுபிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்கிறதா என்று பார்க்க, ஜாக்கெட் கைக்கு எடுப்பது போல வலது மட்கார்டின் ஓரத்தை நியூஸ்பேப்பரில் வெட்டி எடுத்தேன். அதைத் திருப்பி இடது பக்கம் வைத்தேன். உன் இடது மட்கார்டு இரண்டு விரல்கடை கீழே தொங்குகிறது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். பேப்பர் சரிதான், நீதான் தப்பு.

யோசித்ததில் காரணம் புரிந்தது. நீ இடது பக்கம் வேலை செய்த வாரம் மழை, கொட்டகையெல்லாம் சேறு. அந்தப் பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்துக்கொண்டே அடித்தாய். சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, நீ தொங்கின சக்கரத்துக்கு அளவு எடுத்துவிட்டாய். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவளுக்கு யாராவது ஜாக்கெட் அளவு எடுப்பார்களா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஏழுமலை வந்து பார்த்தார். ஸ்டீரிங்கைத் திருப்பச் சொன்னார். டயர் தகட்டில் உரசிக் கிறீச்சென்றது.

"யக்கா, இத்த இப்புடியே வுட்டா மலைல ஒவ்வொரு வளைவுலயும் டயர கிழிச்சிக்கினே போவும். ஓரத்த அறுத்துட்டு வேற தகடு வச்சி ஒட்டிடலாம்."

"என் தம்பி கடைசியா தொட்டது அது. அத்த யாரும் அறுக்கக் கூடாது."

"செரி, அப்ப யாரும் ஓட்டக் கூடாது," என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதோடு வேலை நின்றது. நின்றது என்றால், நாங்கள் சும்மா இல்லை. நான் வாரா வாரம் ஒரு குறை கண்டுபிடித்தேன். கதவில் பள்ளம் தெரிகிறது என்பேன், திரும்பப் பட்டி பூசுவோம். டிக்கி ஓரம் சொரசொரப்பு என்பேன், திரும்பத் தேய்ப்போம். பானெட்டுக்கு ஏழுமலை பெயிண்ட் அடித்த அன்றைக்குப் பக்கத்து வயலில் கரும்பு வெட்டி முடித்து, காய்ந்து கிடந்த சோகை இலையைக் கொளுத்திவிட்டார்கள். ஊர் முழுக்கக் கரி பறந்தது. ஈரப் பெயிண்டில் எள்ளுத் தூவின மாதிரி ஒட்டிக்கொண்டது. ஏழுமலை தலையில் கையை வைத்துக்கொண்டார். நானும் கூடவே அங்கலாய்த்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

முந்தாநாள் ஞாயிறு. செல்வி தேய்த்துக்கொண்டிருந்தவள் தாளைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, எனக்கு மாறுதல் வந்துடுச்சி. வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு, இந்த வாரமே சேரணும். நானாதான் கேட்டு வாங்கினேன். அம்மா ஒண்டியா சாமய வெதச்சிக்கினு, ஒண்டியா அறுத்துக்கினு கெடக்குது."

நான் கதவைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"வண்டில போய்ச் சேரணும்னு ஆச. நீங்க இன்னாடான்னா தேச்ச எடத்தயே தேச்சிக்கினு இருக்கறீங்க."

"பள்ளம் இருக்குது செல்வி."

"பள்ளம் இல்ல. தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தேன். பள்ளம் இல்லை. அந்தக் கதவு என்றைக்கோ கண்ணாடியாகிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, சேகர். நான் காத்துக்கொண்டிருந்தது உன் கை பட்ட தகட்டை இல்லை. கார் முடிந்தால் இவள் இந்தப் பக்கம் வர எந்தக் காரணமும் இருக்காது. பிள்ளையில்லை, நீயில்லை, நாத்தனாரைப் பார்க்க வாரா வாரம் எந்தப் பெண் பஸ் ஏறி வருவாள்? அவளை நிறுத்தி வைக்க உன் தப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். அதுவும் டயர் கிழிகிற தப்பை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செல்வி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நான் ஏழுமலைக்குப் போன் போடச் சொன்னேன்.

நேற்று அவர் வந்தார். என் தையல் சாக்பீஸால் நானே கோடு போட்டேன், பேப்பரை வைத்து, சக்கரம் தரையில் நிற்கும்போது. அவர் அறுக்கிற மெஷினை வைத்ததும் பொறி பறந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெட்டின ஓரம் கீழே விழுந்ததும் எடுத்துப் பார்த்தேன். உன் சுத்தியல் தடம் உள்பக்கம் வரிசையாக இருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஏழுமலையின் பழைய தகட்டுச் சாக்கில் போட்டேன். புதுத் தகட்டை ஒட்டி, தேய்த்து, இன்று காலை பனி விலகியதும் பெயிண்ட் அடித்தார். எங்கேயும் சோகை எரியவில்லை. உன் மயில்கழுத்து அசலாக வந்திருக்கிறது, நீ திருடியதை மன்னித்துவிட்டேன்.

பெயிண்ட் தொடும்படி காய்ந்ததும், சாயங்காலம் செல்வி தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தாள். இடது பக்கம் ஒடித்துத் திருப்பினாள். சத்தமே இல்லை. திரும்பி வந்து என் முன்னால் நிறுத்திவிட்டு, இந்தப் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"நாளைக்கு நீங்களும் கெளம்புங்க அண்ணி."

"நான் எதுக்கு? இவ்ளோ தாழ்வா இருக்குது, பொடவ கட்டிக்கினு எப்புடி ஏறுவேன்?"

"அவரு சீட்டுல நான் உக்காந்துக்கினேன். என் சீட்டு காலியா இருக்குது. ஏறுங்க."

ஏறிவிட்டேன், சேகர். முழங்கால் மூக்கில் இடித்தது. நீ எப்படித்தான் இதற்கு ஆசைப்பட்டாயோ.

நாளைக்கு விடிந்ததும் கிளம்புகிறோம். கச்சிராயபாளையம் தாண்டினால் வளைவு வளைவாக ஏறும். ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு இடது சக்கரத்தைக் கேட்டபடியே போவேன். அவளை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் திரும்ப வேண்டும். அந்தப் பஸ்ஸில் ஏறத்தான் மனசு வராது. இருந்தாலும் உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன். அவள் என்னைப் பார்க்க வர வேண்டும் என்று இனி எந்தக் குறையும் கண்டுபிடிக்க மாட்டேன். பார்க்க வேண்டும் என்று தோன்றினால் நானே மலையேறிப் போவேன்.

இப்படிக்கு,
உனக்கும், இனிமேல் செல்விக்கும்,
அக்கா