அருள் வந்த மலைப்பாம்பு

5.3.94, சனி. கடும் வெயில்.

இல்லை, பாம்பைப் பாசத்தால் எடுத்து வரவில்லை. செல்வம் அண்ணனைப் பார்த்து வந்த குமட்டலில் எடுத்து வந்தேன்.

நேற்று ஃபெரி தாண்டி மாக் மண்டினில் அவர் வீட்டுச் சாமிக் கொட்டகை. அவர் ஃபாக்டரி சூப்பர்வைசர், என் அம்மாவுக்குக் கோயிலில் பழக்கம். கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் கலந்த வெள்ளையில் மலைப்பாம்பு, நாலடி. தலை இடமும் வலமும் ஆடியபடியே. இருபது பேர் உடுக்கைச் சத்தத்தில் கும்பிடுகிறார்கள். பெட்டிக்குள் பால், உடைந்த முட்டை, ஈ. அந்த நாற்றம் இன்னும் மூக்கில்.

"அருள் வந்திருக்கு, பாத்தியா?" பக்கத்தில் ஒரு அக்கா.

எலியைப் போட்டார்கள். பாம்பு கண்ணாடியைக் கொத்தியது. மூன்று முறை. எலி அதன் முதுகுப் பக்கம் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது ஏதோ நோய்."

"என்னம்மா நோய்? அண்ணன் தங்கச்சிய சேத்தாத்தான் இந்தக் கலர் வரும். ஸ்பெஷல் லா."

கூட்டம் போனதும் குரலைத் தாழ்த்தினார். "மூணு வாரமா ஒண்ணும் தின்னல. நம்ம வீட்டுல செத்தா நாக தோஷம் வந்துரும். நீ படிச்ச புள்ள, நீயே வெச்சுக்கயேன்."

தோஷத்தை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். வாங்கிக்கொண்டேன்.

ஃபெரியில் தலையணை உறைக்குள் பாம்பு, கூடைக்குள் உறை, மடியில் கூடை. அம்மா நாலு இருக்கை தள்ளி.

7.3, திங்கள். மழை.

பாம்பை விட்டிருந்த பழைய மீன் தொட்டியிலிருந்து கையுறை போட்டு எடுத்தேன். தோலுக்கு அடியில் எல்லாம் தனித்தனியாக நகர்கிறது. பாத்ரூமுக்கு ஓடி வாந்தி.

மிருக ஆஸ்பத்திரியில் சீன டாக்டர் அதை மல்லாக்கப் போட்டார். புரளத் தெரியாமல் கிடந்தது. பிறவிக் கோளாறாக இருக்கலாம், உறுதியில்லை, மருந்தில்லை, குட்டி எடுக்காதே என்றார். தீனி கொடுக்க, செத்த எலியை இடுக்கியில் பிடித்து வாய்மேல் தொட வேண்டுமாம்.

நிறத்துக்காக உடன்பிறந்ததோடு சேர்ப்பது. சீ. என் ஜாதகம் இரண்டு முறை திரும்பி வந்ததும் நிறத்துக்காகத்தான்.

வாங்க: இடுக்கி (நீளம்), டெட்டால், எலி 3.

9.3, புதன்.

ஃப்ரிட்ஜில் எலி, நெத்திலிக்குப் பக்கத்தில். அம்மா ஃப்ரிட்ஜைத் தொடுவதில்லை. தேங்காய்ப் பாலைக்கூட நான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கினேன். ஈரமுடி வாடை. முதல் கொத்து இடுக்கியில். இரண்டாவது காற்றில். பிறகு வாயிலேயே வைத்தேன். விழுங்கியது. பன்னிரண்டு நிமிடம். புடைப்பு கழுத்தில் இறங்க இறங்க எனக்கு உடம்பு கூசியது. கண்ணை எடுக்கவில்லை.

"தின்னுருச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தப்பு.

10.3, வியாழன்.

செல்வம் அண்ணன் போன். "தின்னுருச்சாமே! நாளைக்கு நாலு மணிக்குக் கெரேத்தா எடுத்துட்டு வரேன், வண்டியிலயே கொண்டு போயிரலாம். ஆளுங்க சாமி எங்கன்னு கேக்குறாங்க. அதோட தங்கச்சியும் இங்க ரெடி."

"குட்டி எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு, அண்ணே."

"டாக்டருக்கு நம்ம சாமியப் பத்தி என்னம்மா தெரியும்?"

அம்மா: "குடுத்துரு. சாமி காரியம்."

நாய்க்கு இப்படி வந்தால் ஊசி போடச் சொல்வார்கள். இதற்கு உடுக்கை.

11.3, வெள்ளி. புழுக்கம்.

வேலை விட்டு வந்தால் அதன் நெற்றியில் குங்குமம். இமையில்லாத கண்ணிலும் தூள்.

"நான்தான் வெச்சேன்" என்றாள் அம்மா. "பட்டினி கெடந்து தின்னுச்சேன்னு..."

 கையுறை தேடவில்லை. வெறுங்கையால் தாடையைத் தாங்கி ஈரத்துணியால் துடைத்தேன். என் உள்ளங்கையிலும் தலை ஆடிக்கொண்டேதான் இருந்தது.

நாலு மணி. ஹாரன்.

"எங்கம்மா நம்ம சாமி?"

தொட்டியைக் காட்டினேன். "எடுத்துட்டுப் போங்க அண்ணே. எத்தன நாள் தாங்கும்னு சொல்ல முடியாதுன்னாரு டாக்டர். ஒரு வாரமோ, இன்னிக்கேவோ. உங்க வீட்டுல உசிரு போனாலும் பரவாயில்லன்னா எடுத்துட்டுப் போங்க."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவர் அந்தத் தலையையே பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை. "இங்கயே இருக்கட்டும்மா" என்று இரண்டு முறை சொன்னார். கார் எஞ்சினை அணைத்திருக்கவேயில்லை.

எந்தத் தோஷ பயத்தை அருவருத்தேனோ அதையே சொல்லித்தான் விரட்டினேன். 

கேட்டைப் பூட்டினேன். தொட்டியில் செய்தித்தாள் மாற்றினேன். இரண்டாவது எலியை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன்.