கணவாயில் கலந்த நரி உருளை

பிப்ரவரி 11, புதன்

உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம். யூலிசாவைச் சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். அவள் கையில் ஒரு செடி, வேரில் ஈர மண்.

"ஹெர்மிலா அக்கா, நீங்க தேடிட்டிருந்தது இதுதானா பாருங்க!"

பார்த்த கணமே தெரிந்துவிட்டது. நரி உருளை என்று ஊரில் சொல்லும் காட்டு உருளைக்கிழங்கில் இரண்டு இனம். மேட்டு நரி உருளை குளிருக்குப் பயந்து தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். பள்ளத்து நரி உருளை முழங்கால் உயரத்துக்கு நிமிரும். இது இரண்டுமில்லை. படுத்திருந்தவள் பாதி எழுந்து உட்கார்ந்த மாதிரி. இலையும் அப்படியே, அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம்.

இந்த இரண்டு காட்டினங்களும் மனிதக் கை படாமலே மலையில் கலக்கின்றன என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன். நிலையத் தலைவர் டாக்டர் ஒபாந்தோ ஒவ்வொரு முறையும் "செடியைக் காட்டு, ஹெர்மிலா" என்பார். எத்தனை கணவாய் ஏறியிருப்பேன்! காட்டியது யார்? கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த பெண். அதுவும் எப்படி? கணவாயில் பஸ் பழுதாகி நின்றபோது, ஒண்ணுக்குப் போக ஒதுங்கிய இடத்தில்!

"பூவே இல்லையே. பூவைப் பார்க்காம என்னத்தைச் சொல்றது?" என்றேன்.

சிரிப்பு நின்றது. அது பிடித்திருந்தது எனக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

அவளோடு கணவாய்க்குப் போனேன். சாலைக்கு மேலே போன மழையில் சரிந்த மண். மேலேயிருந்து ஒன்று உருண்டு வந்திருக்கிறது, கீழேயிருந்து ஒன்று ஏறி வந்திருக்கிறது, வெறும் மண்ணில் இரண்டும் அக்கம்பக்கமாகக் குடியேறிவிட்டன. நடுவே வண்டு. அப்புறம் என்ன, பிள்ளைதான். ஒரு அறை அகலத்துக்குள் முப்பது செடி இருக்கும். மொட்டு விட்டிருக்கின்றன.

"பெரிய வண்டுதான்க்கா மகரந்தத்தை உதறி எடுக்கும்" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். அவள் படித்த பாடத்தை எழுதியதே நான்தான். தெரியாதா, இல்லை தெரிந்துதான் பேசுகிறாளா?

பிப்ரவரி 17, செவ்வாய்

கார்னிவல். தெருவெல்லாம் தண்ணீர் பலூன். மதியம் ஆலங்கட்டி. கணவாயில் மொட்டெல்லாம் உதிர்ந்திருக்கும். சந்தோஷப்பட்டேன் — ஆமாம், பட்டேன்.

மார்ச் 5, வியாழன்

டாக்டர் யூலிசாவை லிமா மாநாட்டுக்கு அனுப்புகிறாராம். "பூ போனா என்ன, செடி இருக்கே" என்கிறார். என்னிடம் சொல்லும்போது இந்தத் தாராளம் எங்கே போயிருந்தது?

சாயங்காலம் சித்தப்பா மகன் நிக்கானோர் சாப்பிட வந்தான். சாலை வேலையில் மண் தள்ளும் இயந்திரம் ஓட்டுகிறான். சூப்பில் கிடந்த சுன்யோவை, பனியில் உறையவைத்துக் காயவைத்த உருளைத் துண்டுகளை, ஒன்றுவிடாமல் பொறுக்கித் தின்றுகொண்டே சொன்னான்: "திங்கக்கிழமை கணவாய்ல அந்தச் சரிவை வெட்டித் தள்ளப் போறோம். ஒருத்தி தினம் வந்து குந்திக்கிட்டு இருப்பாளே, அந்த இடம். உங்க ஆளா?"

"தெரியலை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 6, வெள்ளி

சொல்லவில்லை. மதியம் யூலிசா எதிரில் உட்கார்ந்து, தன் பாலாடைக்கட்டியில் பாதியைப் பிய்த்து என் சோளத்தின் மேல் வைத்தாள். அப்போதும் சொல்லவில்லை.

கலப்புச் செடி பெரும்பாலும் மலடு. விதை கட்டாது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான் அதன் வம்சம் முழுக்க. எனக்கு இது தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 7, சனி

முதல் பஸ்ஸில் தனியாகக் கணவாய்க்குப் போனேன். கையாலேயே தோண்டினேன். விரல் நகமளவுக் கிழங்குகள், ஒரு காலுறை நிறைய. என் பெயரில் பதிந்துகொள்ளலாம். நான்தான் கண்டேன் என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? முதலில் சொன்னவளும் நான்தானே.

மலை உச்சியில் பனி. எங்களுக்கு மலைதான் சாமி; அந்தப் பக்கம் திரும்பவே இல்லை நான்.

மார்ச் 9, திங்கள்

போய்விட்டது. சரிவே இல்லை. யூலிசா பூட்ஸ் முழுக்கச் சேற்றோடு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். "அன்னிக்குக் கொண்டுவந்த செடியும் பட்டுப்போச்சு, ஒரு கிழங்கு கூட எடுத்து வெக்கலையேக்கா. முத்தட்டும்னு விட்டேனே. பாவி நான்."

டாக்டர் எல்லார் முன்னாலும் கத்தினார். லிமா கிடையாது. மாதக் கடைசியோடு ஒப்பந்தமும் முடிந்ததாம்.

நான் நினைத்தது எல்லாம் நடந்துவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கை எனக்கே அருவருப்பாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

காலுறையை அவள் மேஜையில் வைத்தேன். கொட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது — அந்த மலர்ச்சியைப் பார்த்திருக்கவே கூடாது நான்.

"எப்பக்கா எடுத்தீங்க?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமையா? மிஷின் வரப்போறது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அவ்வளவுதான். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகக் காலுறைக்குள் திரும்பப் போட்டாள். "நன்றி மேடம்" என்றாள்.

டாக்டரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். யூலிசாவின் ஒப்பந்தம் நீண்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்னும் மோசம்.

ஜூன் 19, வெள்ளி

யூலிசா மாற்றல் வாங்கிக்கொண்டு வான்காயோ நிலையத்துக்குப் போகிறாள். கிழங்கில் பாதியை என்னிடம் விட்டாள். "எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சா ஆபத்து."

யாரால் ஆபத்து என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

முளை விட்டிருக்கின்றன. வேர் நுனியை நுண்ணோக்கியில் வைத்தேன். மேட்டு இனத்துக்கு நாற்பத்தெட்டு குரோமோசோம், பள்ளத்து இனத்துக்கு இருபத்து நாலு. இதற்கு முப்பத்தாறு. இரண்டுக்கும் சரியாக நடுவே. தனி அறையில் கைதட்டினேன், பைத்தியம் மாதிரி.

அவளுக்கு எழுதினேன். "நானும் எண்ணிட்டேன். முப்பத்தாறு. போன வாரமே" என்று பதில். போன வாரமே! நெஞ்சில் மறுபடியும் அதே எரிச்சல். இந்த ஜென்மத்தில் போகாது போலிருக்கிறது.

நவம்பர் 20, வெள்ளி

டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: வான்காயோவில் கருகல் நோய், யூலிசாவின் செடிகள் அத்தனையும் போய்விட்டன. எனக்கு அவள் சொல்லவில்லை.

ஆக, உலகத்திலேயே இப்போது இது என் கண்ணாடிக்கூடத்தில் மட்டும். குதிக்கவேண்டாமா நான்? காலை, மதியம், சாயங்காலம் என்று போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், புள்ளி விழுந்திருக்கிறதா என்று.

டிசம்பர் 3, வியாழன்

பூத்துவிட்டது. ஒன்று மட்டும்.

மலடுதானா என்று சோதிக்க, மகரந்தத்தை எடுக்க ஊசியைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். யூலிசாவுக்குப் போன் செய்தேன்.

"பூத்திருக்கு."

"என்ன நிறம்?"

"வந்து பாரு. மகரந்தத்தை நான் தொடலை. நீ வந்து எடு."

"நாளைக்கு ராத்திரி ஆயிடும் வந்து சேர."

"மொட்டு இன்னும் ரெண்டு இருக்கு. வா."

"சரி. கூடத்தைப் பூட்டி வைங்க. யாரையும் உள்ள விடாதீங்க." கூடவே, "உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று தெரியவில்லை. தண்ணீர் விட்டேன். பூட்டினேன். சாவியைக் காவலாளியிடம் கொடுத்து, யூலிசா வந்தால் அவள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.