முன்னால் நிற்கும் கட்டையும் கிள்ளான் வெயிலும்

ஜூன் 1, ஞாயிறு

கிள்ளான் துப்பாக்கி கிளப்பில் கூரை போய்விட்டது. வியாழக்கிழமைக் காற்று தகரங்களைத் தூக்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் போட்டிருக்கிறது. கமிட்டி கூடிப் பேசியதாம். பேசியதோடு சரி. இன்று வெட்டவெளியில் நின்று சுட்டோம்.

நான் சுட்டது கேவலம். துப்பாக்கி நுனியில் நிற்கும் குட்டிக் கட்டையை, ஃப்ரண்ட் சைட்டை, கூர்மையாகப் பார்த்தால்தான் குறி நிற்கும். வலப்பக்கம் வெயில் பட்டு அது மூக்குத்தி மாதிரி மின்னுகிறது. மின்னுகிற ஓரத்தையே நடுவென்று கண் நம்பிவிடுகிறது. குண்டெல்லாம் இடப்பக்கம்.

ஆகஸ்ட் 17-இல் தேர்வு. ஜொகூர் போட்டிக்கு ஐந்து பேர் அணி, நான்கு இடம் முடிந்துவிட்டது. ஐந்தாவது எனக்கா தம்புசாமி அண்ணனுக்கா என்பதுதான் பாக்கி. அவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். ஆறு வருடமாக அந்த இடம் அவருடையது. நான் ப்ரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக்கின் கவுண்டரில் உட்கார்ந்து ‘அடுத்தவங்க வாங்க’ என்று கூப்பிடுகிறவள். நாற்பத்தொன்பது வயதில் ஒரு தடவை என்னை யாராவது கூப்பிடட்டுமே என்று ஆசைப்படுவது தப்பா?

ஜூன் 8

கட்டைக்குக் கறுப்பு நெயில் பாலிஷ் பூசிப் பார்த்தேன். முன்பு மூக்குத்தி. இப்போது கார் கண்ணாடி.

என் வீட்டுக்காரர் விஜயனின் மீன்பிடித் தொப்பியும் போட்டுக்கொண்டேன். என் நெற்றிக்கு நல்ல நிழல். கட்டைக்கு இல்லை. பக்கத்தில் சுட்டவரின் சூடான தோட்டா ஓடு ஒன்று பறந்து வந்து தொப்பி விளிம்பில் உட்கார்ந்து புகைந்தது. விஜயனிடம் ஓட்டையைக் காட்டவில்லை.

ஜூன் 11

பளபளக்காத கறுப்பு. வீட்டில் கண்மை இருக்கிறதே!

ஜூன் 15

கண்மை பத்து நிமிடம் பிரமாதம். அப்புறம் சூட்டில் உருகி விரலுக்கு வந்தது. வியர்வையைத் துடைத்தேன், முகத்துக்கும் வந்தது. சுடும் இடத்தைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசர் விமலன் பக்கத்தில் வந்து, “அக்கா, யாராச்சும் அடிச்சாங்களா?” என்று மெதுவாகக் கேட்டான்.

கூட்டிப் போக விஜயன் வந்திருந்தார். முகம் கழுவாமலே சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டேன். கடைக்கார அம்மா என் இலையில் இரண்டு மீன் துண்டு வைத்தார். விஜயனுக்கு வாலை வைத்து முறைத்தார். “நான் என்ன பண்ணேன்?” என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார், பாவம்.

ஜூன் 22

கற்பூரம்! கிளப் அலமாரியில் ஒரு பழைய கையேடு. கற்பூரப் புகையில் காட்டினால் மங்கலான கரி படியும், துளியும் மின்னாது என்று போட்டிருந்தது. முப்பது வருடமாக வெள்ளிதோறும் ஏற்றுகிறேன், இது தெரியவில்லை.

துப்பாக்கி காலி என்று விமலன் இரண்டு தடவை பார்த்தான். தோட்டாக்களுக்கு எட்டாத தூரத்தில், கைகழுவும் இடத்தில், பால் டின் மூடியில் ஏற்றினேன். வாசனை பரவியதும் ஆள் சேர்ந்துவிட்டது. கேன்டீன் வீரம்மா அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நெருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செயலாளர் லிம் அங்கிளும் வரிசையில் நின்று ஒற்றிக்கொண்டார். “இது பூஜை இல்லக்கா” என்றேன். “பரவால்ல லா, திருநூறு இருக்கா?” என்றார் வீரம்மா அக்கா.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. கட்டை அப்படியே கருகரு என்று நின்றது.

தம்புசாமி அண்ணன் எடுத்தது எழுபத்து நான்கு. “வெயில் லா” என்றார்.

ஜூன் 24

தம்புசாமி அண்ணனிடமும் கற்பூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் இடம் எனக்கு. அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார் — கேட்கட்டுமே. கேட்க மாட்டார். ச்சே.

ஜூன் 29

நானே அவர் துப்பாக்கிக்கும் கரி பிடித்தேன். எழுபத்தொன்று.

“இன்னும் சுத்தி ஒளி வட்டம் போடுதும்மா.”

அப்போது மேகம் மூடியிருந்தது. வெயிலே இல்லை.

வேலியில் ஆபத்து என்று மலாயில் ‘பஹாயா’ பலகை தொங்குகிறது. படிக்கச் சொன்னேன். ‘புடாயா’ என்றார். ஆபத்தைக் கலாச்சாரமாக்கிவிட்டார்.

“அண்ணே, கோளாறு கண்ணுல.”

“நாப்பது வருசம் ரயிலு ஓட்டுனவன்கிட்டயா சொல்ற?” என்று கோபித்துக்கொண்டு போனார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். “யாருகிட்டயும் சொல்லாத. எந்த ஆஸ்பத்திரி நல்லது?”

ஜூலை 2

லீவு போட்டுப் பெட்டாலிங் ஜெயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அடுத்த புதன் ஆபரேஷன். டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: “ஆகஸ்ட் பதினேழுக்கு ஆயிடுமா?”



ஜூலை 20

அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு வேடிக்கை பார்க்க வந்தார். கண்ணாடியைத் தூக்கி என்னை உற்றுப் பார்த்தார்.

“ரமணியா? நான் இத்தன நாளா ஒனக்கு முப்பது வயசுதான்னு நெனச்சிட்டேன்மா.”

விமலன் கணக்குப் பலகையின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். கண் ஆபரேஷன் வெற்றி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கூரை இன்னும் வரவில்லை. நல்ல உச்சி வெயில். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்ததால் தம்புசாமி அண்ணனும் சுட்டார்.

நான் தொண்ணூற்றிரண்டு. இதுவரை இவ்வளவு எடுத்ததே இல்லை.

அவர் தொண்ணூற்று நான்கு.

அவர் பெயரை லிம் அங்கிள் படித்தபோது நான்தான் முதலில் கை தட்டினேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். விஜயன் போனில், “நீ ஏன் அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன?” என்றார்.

நான்கு வருடமாகப் பெரும்பாலும் தம்புசாமி அண்ணன் காரில்தான் வீடு திரும்புகிறேன். கையைப் பிடியில் இறுக்கி, காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். இன்றும் அவர்தான் கொண்டுவந்து விட்டார். ஃபெடரல் ஹைவேயில் கோட்டுக்குள்ளேயே ஓட்டினார்.

ஷா ஆலம் தாண்டியது எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்.