பேய்க்கு எதற்கு மரியாதை

அம்மணி,

உன்னிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. என் பேய்ப்படக் கதையைக் கேட்டுச் சென்னையிலிருந்து ஒரு தயாரிப்பாளர் காந்திபுரத்துக்கே வந்துவிட்டார். ஒழுங்காக எழுதிய பேய்க்கதைக்கு இப்போது அவ்வளவு கிராக்கியாம்.

ஒரே ஒரு திருத்தம் கேட்டார். "கதவுக்கு வெளியே நின்னு குழந்தைப் பேய் 'வாரேனுங்க'ன்னு சொல்லுது. பேய்க்கு எதுக்கு சார் மரியாதை? அந்த 'ங்க'வை மட்டும் எடுத்துடுங்க."

பேனாவை எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன். அன்று பள்ளிக்கூட வேனில் ஏறும்போது நம் பாப்பா நம்மிடம் கடைசியாகச் சொன்ன சொல் அல்லவா அது. அதை என் கதையில் படித்த அன்றுதான் நீ தாராபுரத்துக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போனாய்.

கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்தச் சொல் உள்ள பக்கம் இத்துடன் இருக்கிறது, உன்னிடமே இருக்கட்டும்.

வாசல் கதவை நான் சாத்துவதில்லை. நீயாவது ஒரு வரி எழுது, வாரேனுங்க என்று.

உன் வீட்டுக்காரன்