ஓட்டியவர் பெயர்

முருகன் துணை

திருப்பூர்
18-2-1967

அன்புள்ள மாமா அவர்களுக்கு, ஜானகி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் குழந்தைகளும் சுகம். கல்கத்தா தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? ஆர்டர் பிடிக்கிற அவசரத்தில் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

பதறாமல் படியுங்கள். செவ்வாய்க்கிழமை நம் காரை ஒரு மைல்கல்லில் மோதிவிட்டேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இடதுபக்க மட்கார்டு நசுங்கி, ஒரு விளக்கு உடைந்தது.

அன்றைக்கு நம் பனியன் கம்பெனியில் மெஷின் ஊசிகள் தீர்ந்து நிட்டிங் நின்றுபோனது. டிரைவர் நல்லானுக்கோ காய்ச்சல். லைசென்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டவா வாங்கினேன் என்று நானே கோயம்புத்தூர் போய் ஊசி வாங்கி வந்தேன். திரும்பும் வழியில் அவிநாசி தாண்டியதும் ஒரு சலவைப் பட்டறை. அங்கே காயப்போட்டிருந்த பனியன் துணி காற்றில் கிளம்பி ரோட்டின் குறுக்கே விழுந்தது. வேறு ஊர்க்காரர்கள் அதன் மேலேயே ஏற்றிப் போயிருப்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. வெளுத்த துணியில் டயர் ஏறினால் என்ன கதி என்று நமக்குத் தெரியாதா? சட்டென்று ஸ்டீரிங்கை ஒடித்தேன். கல் குறுக்கே நின்றது.

பட்டறைக்காரி கருப்பாத்தாள் ஓடிவந்து முதலில் துணியைத்தான் தூக்கிப் பார்த்தாள். "ஒரு கறை இல்லீங்க! ஏனுங்க, துணிக்காகவா காரை முட்டுனீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது யார் வீட்டுத் துணியென்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் உங்கள் அண்ணன் இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஞானசம்பந்தத்தைக் கூட்டி வந்தார். ஓட்டியது நல்லான், குறுக்கே மாடு வந்தது என்று பாரத்தை நிரப்பியே வைத்திருந்தார்கள். "பொம்பள ஓட்டி முட்டிட்டான்னு எழுதுனா நம்ம மருவாதி என்னாகுறதுங்க?" என்றார் அண்ணன். நல்லானும், "எம்பேரையே போட்டுக்கங்கம்மா" என்கிறார். வண்டியில் இல்லாத மனுஷர் மேலும் ரோட்டில் இல்லாத மாட்டின் மேலும் பழி போடுவதா மரியாதை? அவர் பிழைப்பே அந்த லைசென்ஸில்தானே இருக்கிறது. அண்ணன் எதிரிலேயே பாரத்தைக் கிழித்துவிட்டேன். கோபித்துக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மாமா, ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீங்கள். லைசென்ஸ் வந்த அன்று ஜிலேபி வாங்கி வந்ததும் நீங்கள். ஆனால் ஊர் எல்லை வந்ததும் என்னை இறங்கச் சொல்லி, நீங்கள் ஸ்டீரிங் பிடிப்பீர்கள். அண்ணன் பார்த்துவிடுவார் என்பீர்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு வலித்தது.

புதுப் பாரம் இத்துடன் இருக்கிறது. ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதிவிட்டேன். துணிக்காகத் திருப்பியதையும் உள்ளபடி எழுதியிருக்கிறேன். அதற்கெல்லாம் கம்பெனி பணம் தருமா என்று ஏஜெண்டு சிரிக்கிறார். தராவிட்டால் போகட்டும், கைக்காசில் நிமிர்த்திக்கொள்வோம். கார் உங்கள் பெயரில் இருப்பதால் கையெழுத்து உங்களுடையது வேண்டும். பிடிக்காவிட்டால் பணமே கேட்க வேண்டாம், கிழித்துப் போடுங்கள். வேறு பெயருக்குக் கீழே மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். பழனி ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நசுங்கிய மட்கார்டோடு ஸ்டேஷனில் நிற்பேன். பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்காருங்கள். ஊருக்குள் நுழையும்போது என்னை இறங்கச் சொல்லாதீர்கள்.

உங்கள்
ஜானகி